மேற்பூச்சு



இலக்கியத் தொடரில் வந்து பெயின்ற் அடிப்பதைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் லண்டனிலிருந்து வந்த என் மருமகன், கிளிநொச்சியில் நாங்கள் மீளக் குடியமர்ந்த வீட்டுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே எயார்பிக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்ரிக் துண்டுகள். ஒட்டிப் பொருத்தினால் அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் மொறிஸ் மைனர் கார் ஒன்று உருவாகும். நீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர்.

"அம்மப்பான்ரை கார் இதுதானே, மாமா?" என்றான்.

இதேதான். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, பதினாறு லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான அந்தக் காரில் ஒன்று எங்கள் முற்றத்திலும் நின்றது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. அதே காலத்தில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்று பின்னாளில் வாசித்தேன். சிரிப்பதா, என்ன செய்வதா என்று தெரியவில்லை. 2009 தை மாதத்தில் எங்களை விசுவமடுவரை கொண்டுசேர்த்துவிட்டு அது நின்றுவிட்டது. அதன் படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை.

ஆகவே, இந்தப் பிளாஸ்ரிக் கார் எனக்கு விளையாட்டுப் பொருளாக இருக்கவில்லை.

ஒட்டி முடித்து, கடையில் வாங்கிய ஸ்பிறே பேணியால் வெளிர் பச்சை அடித்தேன். மறுநாள் மாலை, பளபளப்புக்காக அதன்மேல் நிறமற்ற லக்கர் அடித்தேன். கண்முன்னேயே, பாலாடை சுருங்குவதுபோல் பெயின்ற் சுருங்கி எழும்பியது. விசுவமடுவில் விட்டதை இரண்டாம் முறையும் விட்டதுபோல் இருந்தது எனக்கு.

நகரில் வாகனங்களுக்கு நிறம் அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழை அடிச்சது எனாமல். தொட்டால் காய்ஞ்ச மாதிரித்தான் இருக்கும், மாஸ்ரர். உள்ளுக்குக் காயேல்லை. மணந்து பாருங்கோ, மணம் நிக்கிற வரைக்கும் லக்கரைத் தொடாதேயுங்கோ."

எவ்வளவு பெரிய விஞ்ஞானத்தை அவர் மூக்கில் வைத்திருந்தார்! எனாமல், காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுவது. அதற்கு நாட்கள் வேண்டும். லக்கரோ அதிலுள்ள கரைப்பான் ஆவியாகப் பறந்ததும் காய்ந்துவிடும். ஆனால் பறப்பதற்கு முன் அந்தக் கரைப்பான் கீழேயுள்ள இளம்பூச்சைக் கடித்து ஊதவைக்கும். அதிகமாக அடித்தால் பிளாஸ்ரிக்கையே இளக்கிவிடும். லக்கர் என்ற சொல் நமக்கு அந்நியமானதல்ல. அரக்கைக் குறிக்கும் வடமொழிச் சொல்தான் போத்துக்கீசர் வாய்வழி ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. பேணிக்குள் இருப்பது பூச்சி தந்த அரக்கு அல்ல, இரசாயனப் பிசின். என்றாலும் நெருப்பைக் கண்டால் இரண்டும் ஒன்றுதான். அரக்கு மாளிகைக் கதை தெரிந்தவர்கள் இதை அடுப்படிக்குப் பக்கத்தில் அடிக்கமாட்டார்கள்.

சுருங்கியதைத் தண்ணீர் தொட்டு சாண்ட் பேப்பரால் தேய்த்து, மீண்டும் பச்சை அடித்து, மணம் போகக் காத்திருந்தேன். அதற்குள் கார்த்திகை மழை வந்துவிட்டது. பொறுமையில்லாமல் அடித்தேன். கார் முழுவதும் பால் படிந்ததுபோல் வெளுத்தது. கரைப்பான் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்று அதில் பனித்துப் பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. வன்னியின் மாரி எதைத்தான் விட்டுவைத்தது!

மூன்றாம் முறை பங்குனி வெயிலில். ஒரு சாண் தூரத்துக்குச் சற்று மேலாகப் பேணியைப் பிடித்து, முதலில் பனி தூவினாற்போல் இரண்டு மென்பூச்சு. இடையிடையே காயவிட்டு, கடைசியில் மட்டும் சற்று ஈரமாக ஒரு பூச்சு. தடித்துப்போனால் கதவின் இடுக்குக் கோடுகள் நிரம்பி, கார் சீனிப்பாகில் தோய்த்த பணியாரம் ஆகிவிடும். இம்முறை தப்பியது. முகம் பார்க்கலாம்போல் மினுங்கியது.

பெருமையோடு அம்மாவிடம் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஆற்றை கார் இது?"

"எங்கடைதான், அம்மா."

"அப்பான்ரை கார் ஒருநாளும் இப்பிடி மினுங்கினதில்லை, தம்பி."

உண்மைதான். வெயில் குடித்து வெளிறி, கிரவல் புழுதி ஏறிய கார் அது. கடையில் விற்பனைக்கு வந்த நாளின் காரை நான் செய்து வைத்திருந்தேன். எங்களைச் சுமந்த காரை அல்ல. கொழும்பிலிருந்து மினுக்கமில்லாத லக்கர் எடுப்பித்தேன். அதில் கலந்திருக்கும் நுண்துகள் ஒளியைச் சிதறடித்துப் பளபளப்பை அடக்கிவிடும். மிக மெல்லியதாக ஒரு பூச்சு. பச்சை சாம்பலோடியது. சில்லுகளுக்கு மேலே, முற்றத்துச் செம்மண்ணைக் கரைத்துத் தொட்டுவிட்டேன்.

மறுபடி அம்மா பார்த்தார். இந்த முறை யாருடைய கார் என்று கேட்கவில்லை.

"டிக்கி பூட்டாது. கயித்தாலை கட்டித்தானே கிடந்தது?" என்றபடி தையல் பெட்டியில் கறுப்பு நூல் தேடப் போனார்.

லக்கர் நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு, காரை அவர் கையில் கொடுத்தேன்.