இளைஞரும் வாக்குரிமையும்

இளைஞர்கள் வாக்களிப்பதில்லை என்னும் குற்றச்சாட்டு, தேர்தல் வரும்போதெல்லாம் நம் நாட்டில் எழுவது. தேர்தல் முடிந்து இரண்டு நாள் சென்றதும் அடங்கிவிடுவது. குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து, "உம்முடைய சமாதானம் என்ன?" என்று கேட்போர் அரியர். நாம் வாழும் புனே நகரத்தையே எடுத்துக்கொண்டு, அக்கேள்வியை இன்று கேட்டுப் பார்ப்போம்.

கல்லூரிகள் மலிந்த நகரம் இது. கீழ்த்திசையின் ஆக்ஸ்போர்டு என்று இதற்கு ஒரு பட்டமும் உண்டு. அத்தகைய நகரில் 2019ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலின்போது பதிவான வாக்குகள் நூற்றுக்கு ஐம்பதைத் தொடவில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் நடந்த தேர்தலில் நூற்றுக்கு ஐம்பத்துமூன்றரை அளவில் நின்றது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எழுபது பேர் வாக்களித்தனர் என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், புனேயின் சோர்வு விளங்கும். இந்தச் சோர்வை இளைஞர் தலையிலேயே சுமத்திவிடுவது எளிது. ஆனால், வாக்களித்தோர் எவ்வெவ் வயதினர் என்று பிரித்துக் காட்டும் கணக்கைத் தேர்தல் ஆணையம் வெளியிடுவதில்லை. ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கூறும். இருபது வயதினர் எத்தனை, அறுபது வயதினர் எத்தனை என்று கூறாது. தில்லியிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் 2014ஆம் ஆண்டில் எடுத்த மாதிரிக் கணக்கில், இளைஞர் வாக்குப்பதிவு பொதுச் சராசரிக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. சற்றே மிகுதியாகவும் இருந்தது. ஆகவே, சாட்சியம் இல்லாமலே தீர்ப்பு வழங்கிவந்திருக்கிறோம்.

உறுதியாகக் கூறத்தக்க குறை வேறோரிடத்தில் உள்ளது. அது வாக்குச்சாவடியில் அன்று, வாக்காளர் பட்டியலில். 2024 தேர்தலுக்கு முன்னர், பதினெட்டும் பத்தொன்பதும் வயதுடையோர் இந்நாட்டில் ஏறத்தாழ 4.9 கோடிப் பேர் இருப்பர் என மதிப்பிடப்பட்டது. அவர்களுள் பட்டியலில் இடம் பெற்றோர் ஏறத்தாழ 1.8 கோடியே. ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. மகாராஷ்டிரத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அங்கு நான்கில் ஒரு பங்கைச் சற்றே கடந்து நின்றது. பந்தியில் உண்ணவில்லை என்று ஒருவனைக் கடிந்துகொள்ளுமுன், அவனுக்கு இலை போடப்பட்டதா என்று பார்ப்பது முறையல்லவா?

பட்டியலில் ஏறுவது என்றுமே எளிதாய் இருந்ததில்லை. 1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் எழுதித் தம் சொந்தப் பெயரைக் கூற மறுத்த பெண்கள் ஏறத்தாழ இருபத்தெட்டு லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டியதாயிற்று. அக்காலத்தில் வாக்களிக்கும் வயது இருபத்தொன்று. அரசியல் சட்டத்தின் 61ஆம் திருத்தம் 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நடைமுறைக்கு வந்த பின்னரே அது பதினெட்டாயிற்று. இன்னும் பின்னோக்கிச் சென்றால், உத்திரமேரூர்க் கல்வெட்டில் காணும் குடவோலை முறையில் வாரியத்திற்கு நிற்பவர் முப்பத்தைந்து வயதுக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆயினும், குடத்துள் கையிட்டு ஓலையை எடுக்கும் பணி ஒரு சிறுவனுக்கே அளிக்கப்பட்டது. சூதறியாத கை என்று கருதினார்கள் போலும். இக்காலத்தில் அந்தக் கைக்கு வேலை கொடுத்துவிட்டோம். ஆனால் குடத்தை எப்போது கொண்டுவந்து வைப்போம் என்பதைமட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறோம்.

இதை மிகையென்று கருதவேண்டா. புனேயில் நிகழ்ந்தவற்றைக் கேளுங்கள். இந்நகரின் மக்களவை உறுப்பினராயிருந்த கிரீஷ் பாபட் 2023 மார்ச்சு 29ஆம் நாள் காலமானார். மக்களவையின் ஆயுள் முடிய ஓராண்டுக்கு மேல் இருந்தது. இடம் காலியானால் ஆறு மாதத்திற்குள் இடைத்தேர்தல் நடத்தவேண்டும் என்பது சட்டம். தேர்தல் நடைபெறவில்லை. பொதுத் தேர்தலுக்கான ஏற்பாடுகள் இருக்கின்றன, வெற்றி பெறுபவருக்குச் சிறிது காலமே கிடைக்கும் என்று காரணம் கூறப்பட்டது. இந்நகர வாக்காளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் அக்காரணங்களை ஏற்காமல், தேர்தலை உடனே நடத்துமாறு ஆணையிட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது. முடிவில், பொதுத் தேர்தல் வரும்வரை ஓராண்டுக்கு மேலாகப் புனே தில்லியில் பிரதிநிதி இல்லாமலே இருந்தது.

மாநகராட்சியின் கதை இதனினும் நீளமானது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் தேர்தல் நடந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2022 மார்ச்சு மாத நடுவில் முடிந்தது. பிற்பட்ட வகுப்பினர்க்கான இட ஒதுக்கீடு பற்றியும் வட்டங்களைப் பிரிப்பது பற்றியும் எழுந்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருந்தமையால், அடுத்த தேர்தல் தள்ளிக்கொண்டே போயிற்று. வரிவிதிப்பும் வரவு செலவுத் திட்டமும் நிர்வாகி ஒருவர் கையில் இருந்தன. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் உறுதியாக ஆணையிட்ட பின்னரும் மாதங்கள் கழிந்து, 2026 ஜனவரி 15ஆம் நாளே வாக்குப்பதிவு நடந்தது. 2017 தேர்தலுக்கு மறுநாள் பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். தம் தெருவின் குழாய்க்கும் குப்பைக்கும் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்க அவர் இருபத்தேழு வயதை நெருங்கும்வரை காத்திருந்தார். மாநகராட்சி உறுப்பினராக நிற்பதற்கோ இருபத்தொரு வயதே போதும்!

வேட்பாளரை மராத்தியில் 'உமேத்வார்' என்பர். பாரசீகத்திலிருந்து வந்த சொல் அது; நம்பிக்கை கொண்டவர் என்பது பொருள். நம் பத்திரிகைகள் முன்பு வழங்கிய 'அபேட்சகர்' என்பதும், இப்போது வழங்கும் 'வேட்பாளர்' என்பதும் விரும்புகிறவர் என்றே பொருள்படும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போருக்கு இச்சொற்கள் ஒரு வேடிக்கை. நிற்பவரின் ஆசையைக் குறிக்க இரு மொழியிலும் சொற்கள் இருக்கின்றன. காத்திருப்பவரின் சலிப்பைக் குறிக்கத் தேர்தல் அகராதியில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தச் சலிப்பு வெறும் மனத்தாங்கல் அன்று. 2021ஆம் ஆண்டு புனேயைச் சூழ்ந்த இருபத்துமூன்று கிராமங்கள் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. அவற்றின் ஊராட்சிகள் கலைந்தன. அடுத்த ஆண்டே மாநகராட்சி மன்றமும் முடிந்துவிட்டது. ஆக, அவ்வூர்களில் பஞ்சாயத்துத் தலைவரும் இல்லை, மாநகராட்சி உறுப்பினரும் இல்லை. 2025 ஜனவரியில் சிங்ககட் சாலைப் பகுதியில் நரம்புகளைத் தாக்கிக் கைகால்களை முடக்கும் கில்லன்-பாரே நோய் பரவிற்று. ஏறத்தாழ இருநூறு பேர் பாதிக்கப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். ஐயம் குடிநீரின்மேல் சென்றது. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாந்தேட், கிர்கட்வாடி ஆகியவை அந்த இருபத்துமூன்றில் அடங்கியவை. அதிகாரிகள் பணி செய்தனர், அதை மறுப்பதற்கில்லை. எனினும், "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?" என்று ஒரு தாய் கதவைத் தட்டிக் கேட்கத் தக்க, அவள் வாக்கால் வந்த ஒருவர் அவ்வேளையில் அங்கில்லை. பிரதிநிதி இருந்திருந்தால் நோய் வந்திராது என்று நாம் கூறவில்லை. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருப்பார் என்றே கூறுகிறோம்.

நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் கட்கியும் தேஹு ரோடும் இராணுவக் கன்டோன்மென்ட் பகுதிகள். அவற்றின் மன்றங்களுக்கு 2015 ஜனவரியில் தேர்தல் நடந்தது. பின்னர் 2023 ஏப்ரல் 30ஆம் நாள் தேர்தல் என அறிவித்தார்கள். மார்ச்சு மாதத்திலேயே அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். கல்லூரிகளில்தான் பயிற்சி உண்டா என்றால், அதுவும் இல்லை. 1994ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தபின் மகாராஷ்டிரத்தில் மாணவர் பேரவைக்கு நேரடித் தேர்தல் அற்றுப்போயிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் இடமளித்தும், 2019இல் நடத்த எண்ணியது தள்ளிவைக்கப்பட்டது.

அயல்நாட்டு இளைஞர்க்கும் இத்தகைய தடைகள் உண்டு. அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்குமுன், கட்சிகள் தம் வேட்பாளரைப் பொறுக்கியெடுக்க மாநிலந்தோறும் முதல்நிலைத் தேர்தல் நடத்தும். 2016ஆம் ஆண்டு பெர்னி சாண்டர்ஸ் என்னும் முதியவரின் பின்னே இளைஞர் பெருங்கூட்டமாய்த் திரண்டனர். நியூயார்க் மாநிலத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19ஆம் நாள். கட்சிச் சார்பின்றிப் பதிவு செய்திருந்தவர்கள் அதில் கலந்துகொள்ள வேண்டுமாயின், முந்தைய ஆண்டு அக்டோபர் 9ஆம் நாளுக்குள்ளேயே சார்பை மாற்றியிருக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு முன்னரே உற்சாகம் பிறந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது! பலர் வாயிலில் நின்று திரும்பினர். பிறகு 2019இல் அந்தக் கெடுவைக் குறுக்கினார்கள். நம் நாட்டிலோ வேட்பாளரைப் பொறுக்கும் வேலையில் சாதாரண வாக்காளனுக்குப் பங்கே கிடையாது. அது கட்சி அலுவலகத்தின் உள்ளறையில் முடிவது. எனினும் கெடுவின் கொடுமை இங்கும் உண்டு. 2026 ஜனவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலுக்கு 2025 ஜூலை முதல் நாளைய பட்டியலே அடிப்படையாயிற்று. அதன்பின் பதினெட்டு நிரம்பியவர்கள், ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை வந்த அத்தேர்தலை வேடிக்கை பார்த்தனர்.

அந்த ஜனவரி 15ஆம் நாள் பொங்கல் திருநாளாகவும் அமைந்துவிட்டது. வாக்குப்பதிவுக்காக அன்று விடுமுறை. புனேயிலுள்ள தமிழ் இளைஞர்க்கு இது ஒரு சங்கடம். பொங்கலுக்கு ஊர் செல்லும் வண்டியில் இடம் கிடைப்பதே அருமை. கிடைத்ததை விட்டுவிட்டு, நான்கு உறுப்பினர்க்கு நான்கு வாக்கு அளிக்க இங்கே தங்கியிருக்க எத்தனை பேர்க்கு மனம் வரும்? வராதவரைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. ஆயினும் இதனடியில் உள்ள கேள்வியைத் தட்டிக் கழிக்க இயலாது: நமக்கு ஊர் எது?

சட்டம் இதற்குத் தெளிவாகவே விடை கூறுகிறது. ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவர் வாக்காளர். சொந்த ஊரில் வீடு இருப்பதுமட்டும் போதாது. இரண்டு இடத்தில் பெயர் இருத்தலும் கூடாது. பொய்யுறுதி அளிப்பது தண்டனைக்குரியது. உணர்ச்சி வேறு விடை கூறுகிறது. நம்முள் பலர் பத்தாண்டு இங்கே வாழ்ந்தும், பெயரைத் திருநெல்வேலியிலோ தஞ்சையிலோ விட்டுவைத்திருக்கிறோம். விளைவு யாது? அங்கே போக இயலாமையால் அங்கும் வாக்கில்லை. பெயர் இல்லாமையால் இங்கும் இல்லை. 2025 டிசம்பரில் தமிழ்நாட்டின் தீவிரத் திருத்தத்திற்குப்பின் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றுள் பெரும்பகுதி, குடிபெயர்ந்தோர் என்றும் முகவரியில் காணப்படாதோர் என்றும் குறிக்கப்பட்டவை. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் பெயர்கள் அவற்றுள் பல இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க ஒரு பொறியைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டியது. எழுபத்திரண்டு தொகுதிகளின் வாக்கை ஒரே சாவடியில் பெறக்கூடியது அது. கட்சிகள் பல ஐயங்களை எழுப்பின. அத்தேர்தலில் அது பயன்படவில்லை. அதை நம்பி எவரும் பெயரைப் பதியாமல் இருத்தல் விவேகமன்று.

பதிவு செய்ய விழைவோர்க்குச் சில செய்திகள். முன்னர் ஜனவரி முதல் நாள் ஒன்றே வயதுக் கணக்குக்கு உரிய நாளாயிருந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்பின் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் உரியனவாயின. புதிதாய்ச் சேர ஆறாம் எண் படிவம். வேறு தொகுதியிலிருந்து பெயரை மாற்ற எட்டாம் எண் படிவம். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், பெற்றோர் ஊரிலோ விடுதி முகவரியிலோ, விரும்பிய ஓரிடத்தில் பதியலாம். விடுதியைத் தேர்ந்தால் கல்லூரித் தலைவரின் சான்று தேவை. ஹிஞ்சவடியில் வேலை பார்த்து வாக்கட்டில் குடியிருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலுவலகம் பாராமதி மக்களவைத் தொகுதியிலும், வீடு மாவல் தொகுதியிலும் உள்ளன. வீடே கணக்கு.

கடைசியாக, நம் பெயர்களைப் பற்றி. இங்குள்ள பட்டியல் மராத்தியில் அச்சாவது. தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றை எதிர்பார்ப்பது. நமக்கோ ஒரு பெயரும் முன்னெழுத்தும் மட்டுமே. எழுதுபவர் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கி முன்னே வைப்பார், ழகரம் ளகரமாகும், சிலபோது முன்னெழுத்தே பெயராய் நிற்கும். வாக்குச்சாவடியில் அகரவரிசையில் தேடினால், முருகேசன் தம் தந்தை சுப்பிரமணியத்தின் வரிசையில் ஒளிந்திருப்பார். ஆதலின் பெயரைக் கொண்டு தேடாமல், வாக்காளர் அட்டையிலுள்ள எண்ணைக் கொண்டு தேடச் சொல்லுங்கள். வரைவுப் பட்டியல் வெளியாகும் நாளிலேயே அதைச் செய்துவிட்டால், பிழை திருத்த எட்டாம் எண் படிவத்திற்குக் காலம் இருக்கும்.