குறிஞ்சியும் குந்தியானாவும்



நாம் நீலக்குறிஞ்சி என்று அழைக்கும் செடியை நிலைத்திணை நூலார் 'இசுட்ரோபிலாந்தசு குந்தியானா' என்பர். முற்பகுதி பேரினப் பெயர். கூம்பு, மலர் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் புணர்ப்பு அது. பூங்கொத்தின் வடிவங் கண்டு இட்ட பெயர், குறை சொல்வதற்கில்லை. பிற்பகுதியைப் பற்றியே பேச வந்தேன்.

அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்தி ஆற்றின் பெயரே அஃது என்று எழுதுவார் பலர். யானும் பல்லாண்டு வகுப்பில் அவ்வாறே கற்பித்தேன். பிழை! செருமானியரான நீசு என்பார் 1832-இல் இச்செடியை விளக்கி எழுதியபோது, தம் நாட்டு நிலைத்திணை அறிஞர் குந்து என்பாரைப் பெருமைப்படுத்த இட்ட பெயர் அது. (அச்சொல்லுக்குத் தமிழிலுள்ள பொருளை எண்ணி நகைக்க வேண்டா, அவர் பேரறிஞர்.) நீசு அதனை வேறொரு பேரினத்தில் வைத்தார், பின்வந்தோர் இன்றைய பேரினத்துக்கு மாற்றினர். பேரினம் மாறினும் அடைமொழி நிற்கும்; முதலில் அச்சேறிய பெயருக்கே உரிமை என்பது அவர்தம் நெறி.

நன்று. அவ்வுரிமைக்குத் தொடக்கம் எது? இலின்னேயசின் நூல் வெளிவந்த 1753. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் இப்பூவைப் பெயர் சொல்லி வைத்ததும், குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு அதன் தண்டின் கருமையையும் தேனையும் குறித்ததும் அக்கணக்கில் ஏறா. ஒரு திணைக்கே பெயர் தந்த பூ, யாரோ ஒருவர் பெயரைச் சுமந்து உலகேட்டில் நிற்கிறது.

சினந்து பயனில்லை. உலகெங்கும் ஒரு செடிக்கு ஒரே பெயர் வேண்டும் என்பது முறையே. அவர்கள் பெயருக்குச் சான்றாக உலர்த்திய செடி ஒன்றைக் காத்து வைக்கின்றனர். நாமோ இப்பேரினத்துச் செடிகள் பலவற்றையும் குறிஞ்சி என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால், இருசொற் பெயரீடு மேலையர் கண்ட புதுமை என்று மட்டும் நம் மாணவன் படிப்பதை எங்ஙனம் பொறுப்பது? செங்காந்தள், வெண்காந்தள் என்பவை என்ன? இனப்பெயரை நிறுத்தி அடைகொடுத்துப் பகுத்தவை அல்லவோ? அவர்கள் இனத்தை முன்வைப்பர், நாம் பின்வைப்போம். பாடநூலில் நீலக்குறிஞ்சி என முதற்கண் எழுதி, உலகப் பெயரை அதனருகில் பொருளோடு எழுதுக என்பதே என் வேண்டுகோள்.

இனி, செடியே இல்லாமற் போனால் பெயருக்கு என் செய்வது? பன்னீராண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, மடிவது இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்புல்வெளிகளே இதன் தாயகம். அவற்றில் தேயிலையும் சீகையும் கற்பூர மரமும் புகுந்துவிட்டன. 2024-இல் உலக இயற்கைக் காப்பு ஒன்றியம் அழிவை நோக்கும் இனங்களுள் இதனையும் சேர்த்தது. 1994, 2006, 2018 எனப் பூத்தது, அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். அன்று மாணவர் சிலரோடு மலையேற எண்ணியுள்ளேன்; வர விரும்புவோர் இப்போதே சொல்லி வையுங்கள்.