அடித்தளமும் அடக்கத்தலமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

நகரத்தின் நடுவே புதிய கட்டிடம் எழுப்ப விழைவோர், மனையின் அடியில் முன்னோர் விட்டுச்சென்றவை உளவா என்று முன்னதாகத் தோண்டிப் பார்த்தறியும் முறையைப் பற்றிப் பேச நாம் பணிக்கப்பட்டுள்ளோம். முதலில் பழைய நிலப்படங்களையும் பத்திரங்களையும் ஆராய்வர். பின்னர் மனையில் ஆங்காங்கே சோதனைக் குழிகள் இட்டு மண்ணின் அடுக்குகளை நோக்குவர். ஏதேனும் தென்படின் முழு அகழாய்வு நடைபெறும். முறை எளிதே, அதனை எப்பொழுது செய்கின்றனர் என்பதில்தான் யாவும் அடங்கியுள்ளது. நியூயார்க் நகரில் நிகழ்ந்த ஒன்றை விரித்துரைத்தால் இது விளங்கும். கபர்ஸ்தானைப் பேணும் பொறுப்புடைய நமக்கு அந்நிகழ்ச்சி அயலானதன்று.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அந்நகரில் ஆப்பிரிக்க மக்கள் பெருந்தொகையினராக அடிமைப்படுத்தப்பட்டிருந்தனர். 1697-இல் அங்குள்ள டிரினிட்டி தேவாலயம், தன் கல்லறைத் தோட்டத்தில் ஆப்பிரிக்கர்களை அடக்கம் செய்யத் தடை விதித்தது. ஊர் எல்லைக்கு அப்பால், பள்ளமும் சரிவுமான நிலமே அவர்களது அடக்கத்தலமாயிற்று. அங்கும் நிம்மதி இல்லை. இரவில் அடக்கம் செய்யலாகாது என்று 1722-இலும், பன்னிருவருக்கு மேல் கூடலாகாது என்று 1731-இலும் சட்டம் இயற்றினர். ஒரு ஜனாஸாவில் திரளாகக் கலந்துகொள்வதை நற்செயலாகக் கருதும் நாம், அந்தப் பன்னிருவர் என்னும் எண்ணைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கு அடக்கமானோர் பதினையாயிரம் பேர் வரை இருப்பர் என்று மதிப்பிடுகின்றனர். 1790-களில் அந்நிலம் மூடப்பட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. பள்ளங்களில் மண் கொட்டிச் சமன் செய்தனர். கடைகளும் வீடுகளும் எழுந்தன. அடியில் உறங்குவோரை ஊர் மறந்தது.

அமெரிக்க நடுவண் அரசு அவ்விடத்தில், பிராட்வே சாலையில் 290 எண்ணுள்ள மனையில், 34 மாடி அலுவலகக் கட்டிடம் எழுப்ப முனைந்தது. அரசுப் பணிகளால் வரலாற்றுச் சின்னங்களுக்கு நேரும் பாதிப்பைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் உண்டு. அதன்படி 1989-இல் ஆய்வறிக்கை தயாராயிற்று. பழைய நிலப்படத்தில் ஆப்பிரிக்கர் அடக்கத்தலம் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்ததை அவ்வறிக்கை மறைக்கவில்லை. ஆயினும், பின்னாளில் அங்கெழுந்த கட்டிடங்களின் நிலவறைகள் புதைகுழிகளைப் பெரும்பாலும் அழித்திருக்கும், ஒரு பழைய சந்தின் அடியில் மட்டும் சில எஞ்சியிருக்கலாம் என்று கணித்தது. மண்ணைத் தொடாமல் ஏட்டின்மீது செய்த கணிப்பு அது. 1990-இல் மனை வாங்கப்பட்டு, கட்டிடத்தின் வடிவமைப்பும் கால அட்டவணையும் வகுக்கப்பட்ட பின்னரே, 1991 மே மாதம் மண்ணைத் தோண்டிப் பார்த்தனர்.

நிலவறைகள் ஆழமானவைதாம். ஆனால் அந்தப் பழைய சரிவை நிரப்பிய மண் சில இடங்களில் 25 அடி வரை தடித்திருந்தது. நிலவறை எட்டாத ஆழத்தில் சவப்பெட்டிகளின் தடங்களும் எலும்புகளும் குலையாமல் இருந்தன. ஒருமுறை வெட்டி மூடிய மண் ஒருபொழுதும் பழைய இறுக்கத்தை அடையாது என்பதை நம் கபர் வெட்டும் பணியாளர்கள் மண்வெட்டியின் முதல் வீச்சிலேயே அறிவர். தொல்லியலாரும் அவ்வாறே, மண்ணின் நிறத்தையும் நெகிழ்ச்சியையும் கொண்டு குழியின் விளிம்பை அடையாளம் காண்கின்றனர். ஒரு சில சோதனைக் குழிகளை ஈராண்டு முன்னர் இட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

அதன் பின்னர் நடந்தவை வருந்தத்தக்கவை. பல கோடி டாலர் பணி காத்து நிற்க, அகழாய்வு அவசரத்திற்கு உட்பட்டது. 1992 பிப்ரவரியில், பழைய வரைபடம் ஒன்றைப் பின்பற்றிக் கான்கிரீட் கொட்டியதில் பல புதைகுழிகள் சிதைந்தன. இறந்தோரின் வழிவந்தவர்கள் எனத் தம்மை உணர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்க மக்கள் கொதித்தெழுந்தனர். எம் முன்னோரை எடுக்க எம்மைக் கேட்டீர்களா என்பதே அவர்தம் வினா. நகரின் மேயராயிருந்த டேவிட் டிங்கின்ஸ் அவர்களும் குரல் கொடுத்தார். 1992 ஜூலையில் நாடாளுமன்றக் குழுவின் விசாரணையை அடுத்து அகழாய்வு நிறுத்தப்பட்டது. 34 மாடிக் கட்டிடம் எழுந்தது. அதனை ஒட்டி எழவிருந்த நான்கு மாடிப் பகுதி கைவிடப்பட்டது. நினைவிடத்திற்கென முப்பது லட்சம் டாலர் வரை ஒதுக்கச் சட்டம் வந்தது.

எடுக்கப்பட்ட 419 பேரின் எச்சங்கள் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் பிளேக்கி தலைமையில் ஆராயப்பட்டன. எவ்வினாக்களுக்கு விடை தேடுவது என்பதையே அச்சமூகத்தாரோடு கலந்து முடிவு செய்தனர். இது நம் மனத்தைக் கவர்ந்த செய்தி. வயது அறியப்பட்டோருள் பத்துக்கு நால்வருக்கு மேல் சிறார். பெரியவர்களின் எலும்புகளில், தசைகள் பற்றும் இடங்கள் கடும் சுமையால் கிழிந்த தழும்புகள் இருந்தன. ஒரு பெண்மணி இடையில் நூற்றுக்கு மேற்பட்ட மணிகள் கோத்த மாலையோடு அடக்கமாகியிருந்தார். அவரைப் பெயர் சொல்லி அழைக்க நம்மிடம் ஏடு இல்லை. ஆனால் யாரோ ஒருவர் அன்போடு அவரைக் குழியில் இறக்கினர் என்பதற்கு அம்மணிகளே சான்று.

2003 அக்டோபரில், கானா நாட்டில் கையால் செதுக்கிய பெட்டிகளில், வாஷிங்டன் நகரிலிருந்து ஊர் ஊராக மரியாதை பெற்று வந்து, அவர்கள் அதே மண்ணில் மீண்டும் நல்லடக்கம் செய்யப்பட்டனர். அவர்களைச் சுமந்து வந்தோருக்கு இம்முறை எண்ணிக்கை வரம்பு இல்லை. 2006-இல் அவ்விடம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று.

சோதனைக்குச் செலவாகும், காலம் கடக்கும் என்று கட்டுவோர் தயங்குவது இயல்பே. நம் கட்டிடக் குழுவிலும் அக்குரல் எழுவதுண்டு. எனினும் நியூயார்க்கில் காலத்தையும் பொருளையும் விழுங்கியது சோதனை அன்று, அதன் தாமதமே. எஞ்சிய ஆயிரக்கணக்கானோர் இன்றும் சுற்றியுள்ள தெருக்களுக்கும் கட்டிடங்களுக்கும் அடியில் உள்ளனர். 1993-இல் அப்பகுதி வரலாற்று வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இப்பொழுது அங்கே நிலத்தைத் தோண்ட விரும்புவோர், நகரின் பாதுகாப்பு ஆணையத்திடம் முதலில் சென்று நிற்கின்றனர்.