எதைப் பார்த்துச் சிரித்தோம்?

(மாணவர்களுக்கான திரையிடல் ஒன்றின் முடிவில் பேசியதன் எழுத்து வடிவம்)



இப்ப ரெண்டு படம் பார்த்தோம். ஒன்று 1974-இல் அமெரிக்காவில் வந்த 'கிளாடின்'. இன்னொன்று 2016-இல் தமிழில் வந்த 'அம்மா கணக்கு'. ரெண்டிலும் கதாநாயகி வீட்டுவேலை செய்கிற பெண். ரெண்டிலும் புருசன் இல்லாமல் பிள்ளை வளர்க்கிறாள். நம்ம சினிமாவில் இப்படிப்பட்ட தாய் என்றாலே தையல் மிஷின், இருமல், வெள்ளைச் சேலை என்று ஒரு சட்டகம் இருக்கிறது. இந்த ரெண்டு படமும் அதிலிருந்து விலகி நம்மைச் சிரிக்க வைக்கின்றன. நல்லதுதான். ஆனால் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று கேட்காமல் எழுந்து போய்விடக் கூடாது.

நியூயார்க் ஹார்லெமில் வாழும் கிளாடினுக்கு ஆறு பிள்ளைகள். அரசு உதவித்தொகை வயிற்றுக்குப் பத்தாது. வெள்ளையர் வீட்டில் ஒளிந்து வேலை செய்கிறாள். தெரிந்தால் உதவித்தொகையில் கை வைத்துவிடுவார்கள். குப்பை அள்ளும் தொழிலாளி ரூப் அவளை விரும்புகிறான். விசாரணைக்கு அதிகாரி வருகிறாள் என்றதும் பிள்ளைகள் வீட்டுச் சாமான்களை ஓடி ஓடி ஒளிக்கிறார்கள். ரூப்பும் ஒளிகிறான். அவன் வாங்கிக் கொடுத்ததுக்குக்கூடக் கணக்குச் சொல்ல வேண்டும். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பு கிளாடினைப் பார்த்து அல்ல, ஏழை வீட்டுக்குள் புகுந்து சட்டிபானையை எண்ணுகிற அரசைப் பார்த்து.

இது சும்மா வந்ததில்லை. 1965-இல் வந்த மொய்னிஹான் அறிக்கை அடிமைமுறையின் கொடுமையைப் பேசிவிட்டு, கடைசியில் பெண் தலைமை தாங்கும் கறுப்பர் குடும்பத்தையே கோளாறின் மையமாகக் காட்டியது. ஆண் ஒருவன் வந்து போகிறான் என்று சொல்லிப் பிள்ளைகளின் உதவித்தொகையை நிறுத்தும் அலபாமா மாநில விதியை 1968-இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. விதி போனாலும் சந்தேகம் போகவில்லை. 1976-இல் ரீகன் அதே சந்தேகத்தைத் தேர்தல் மேடைகளில் கதையாக்கிச் சொன்னார். இதற்கு நடுவில் நின்றுதான் கிளாடின் சிரிக்கிறாள், கோபப்படுகிறாள், காதலிக்கிறாள். இயக்குநர் ஜான் பெர்ரி வெள்ளையர். ஆனால் படத்தை எடுத்தது, கறுப்பர்களையும் போர்ட்டோ ரிக்கோ மக்களையும் கேமராவுக்குப் பின்னால் கொண்டுவர ஆஸி டேவிஸ் முன்னின்று தொடங்கிய நிறுவனம். அது முக்கியம்.

1972-இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவோடுதான் நம்ம படத்துக்கு வருகிறேன்.

'அம்மா கணக்கு', அஸ்வினி ஐயர் திவாரி இந்தியில் எடுத்த படத்தை அவரே தமிழில் எடுத்தது. வேலைக்காரி மகள் வேலைக்காரிதானே ஆகப்போகிறாள், எதுக்குப் படிக்கணும் என்கிறாள் மகள். அவளை மாற்றுவதற்காகத் தாய் அதே பத்தாம் வகுப்பில் சேருகிறாள். அமலா பால் சீருடையில் பெஞ்சில் உட்கார்ந்ததும் சிரித்தோம். அந்த வயதில் கணக்கு கற்றுக்கொள்கிற தாயை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவள் நம்ம தாய்தான்.

ஆனால் மகள் சொன்னதைத் திரும்பக் கேளுங்கள். அது சோம்பேறியின் பேச்சா? சாதி என்பது தொழிலாளர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே விளக்கியதை, அந்தப் பிள்ளை தன் வீட்டைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். படமோ அதை மகளின் மனக்கோளாறாக மாற்றி, தாயின் தியாகத்தால் சரிசெய்கிறது. சாதி பெயரே இல்லை. அரசு இல்லை. இரக்கமுள்ள முதலாளியம்மா இருக்கிறார், கணக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. மிச்சமெல்லாம் உன் முயற்சி என்கிறது படம். அங்கே சிரிப்பு அலுவலகத்தைப் பார்த்து எழுந்தது. இங்கே தாயையும் மகளையும் பார்த்து எழுகிறது.

எங்க அம்மாவும் தனி ஆளாத்தான் எங்களை வளர்த்தாங்க. கணவனால் கைவிடப்பட்டவள் என்று சான்று வாங்க ஒரு அலுவலகத்துக்கு நடையா நடந்தாங்க. ஒருநாள் நானும் கூட இருந்தேன். உள்ளே இருந்தவர் கேட்டார்: "ஒம் புருசன் ராத்திரியில வந்து போறதில்லன்னு எப்படி நம்புறது?"

அம்மா சொன்னாங்க: "வந்தா எனக்கும் சொல்லி அனுப்புங்க சார். ஆறு வருசச் சோத்துப் பாக்கி இருக்கு, வாங்கணும்."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சான்றும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதாங்க. சினிமாக்காரர்களுக்கு அந்த அழுகை நல்லாத் தெரியும். வரிசையில் எழுந்த சிரிப்புதான் அவர்களுக்குத் தெரியாது.

உங்க தெருவிலும் அப்படிச் சிரிப்பு இருக்கும். போய் உட்கார்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள். நாளைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும். நீங்களே எடுத்தால் இன்னும் நல்லது.