வேற்காட்டு மூர்க்கரும் வேறுபட்ட வாழ்வும்

நூம்பலைச் சூழ்ந்துள்ள ஊர்கள் அடியார்களை ஈன்ற பெருமையுடையன. திருநின்றவூர் பூசலாரைத் தந்தது. பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகளைத் தந்தது. குன்றத்தூர் சேக்கிழார் பெருமானைத் தந்தது. அண்டையிலுள்ள திருவேற்காடோ மூர்க்க நாயனாரைத் தந்தது. இந்நால்வரும் ஒரு பந்தியில் அமர்ந்திருப்பின், ஒருவர் வாழ்க்கை மற்றவர்க்கு எளிதில் விளங்கியிருக்குமோ என்பது ஐயமே. ஒருவர் மனத்தினுள்ளே கோயில் எடுத்தவர், ஒருவர் காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர், ஒருவர் சோழ நாட்டு அமைச்சர், மற்றொருவர் சூதாடியவர்!

சூதாடியவர் என்றவுடன் நம்மவர் முகம் சுளிப்பது இயல்பு. வேளாண் குடியிற் பிறந்த மூர்க்கர் நாள்தோறும் அடியார்களுக்கு அமுது படைத்துப் பின்னரே தாம் உண்பவர். அப்பணியில் பொருள் முழுதும் கரைந்தது, உடைமைகளும் விலைபோயின. எஞ்சியது இளமையிற் கற்ற சூது ஒன்றே. உள்ளூரில் அவரோடு பொருத ஒருவரும் இலராகவே, ஊர் ஊராகச் சென்று குடந்தை நகரை அடைந்தார். முதலாட்டத்தில் தோற்பார், பின்னாட்டங்களில் வெல்வார். தோற்றபின் பொருள் தர மறுத்தவரைச் சுரிகையால் குத்தவும் செய்தார். அதனாலேயே மூர்க்கர் என்னும் பெயர் வந்தது.

இவற்றில் ஒன்றையேனும் சேக்கிழார் மறைத்தாரில்லை என்பது கருதத்தக்கது. அநபாய சோழனின் அவையில் அமைச்சராக வீற்றிருந்த பெருமகனார், தம் அண்டை ஊர்ச் சூதரைப் பாடும்போது அவரைத் திருத்திக் காட்டவும் முற்படவில்லை. அவர் சூதை விட்டொழித்தார் என்றொரு முடிவும் அங்கில்லை. சூதில் வென்ற பொருளை மூர்க்கர் தம் கையால் தீண்டமாட்டார். அமுது சமைப்போரே அதனை எடுத்துச் செல்வர். அடியார் அனைவரும் உண்டு எழுந்தபின் கடைப்பந்தியில் அமர்ந்து தாம் உண்பார். அவருடைய இன்பம் அக்கடைப்பந்தியில் இருந்தது. ஆடுகளத்தில் மட்டும் அவரைக் கண்டவர் அதனை அறிந்திருக்க முடியாது.

ஆயின் சூதாடலாம் என்பதோ இதன் கருத்து? அன்று. ஒருவர் செயலைப் பின்பற்றுவது வேறு. அவரை நம் பந்தியிலிருந்து எழுப்பாதிருப்பது வேறு. இவ்வேறுபாட்டை இல்லத்திலேயே மறந்துவிடுகிறோம். இரவெல்லாம் பணி செய்து பகலில் உறங்கும் மகனையும், மணம் வேண்டாது தொண்டே போதுமென்றிருக்கும் மகளையும், 'இவர்களுக்கு என்ன இன்பம்?' என்று கேட்கிறோம். கேட்டதற்கு அவர்கள் கூறும் விடையைச் செவிமடுப்பதோ அரிது.

திருக்கச்சி நம்பிகளின் வரலாற்றில் இத்தகைய துன்பம் ஒன்று நிகழ்ந்தது. இராமானுசர் அவரை அமுதுக்கு அழைத்தார். நம்பிகள் உண்ட மிச்சத்தை உண்ணவேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் இல்லாத வேளையில் நம்பிகள் வந்து உண்டு சென்றார். குலம் கருதிய மனைவியார் எஞ்சியதை அகற்றி, இடத்தைத் தூய்மை செய்து, நீராடிப் புதிதாகச் சமைத்தார். வழிவழி வந்த ஒழுக்கத்தில் அவர் வழுவவில்லை. எனினும் கணவர் உள்ளம் நொந்தது.

திருப்பணிக்குப் பொருள் ஈந்தோர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்படுவது முறையே. பூசலார் பெயரைப் பொறிக்க எந்தக் கல்லும் இருந்ததில்லை. ஆயினும் காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் கோமான், இறைவன் கனவில் உரைத்தவாறு தன் குடமுழுக்கு நாளை ஒத்திவைத்து, நின்றவூரை நாடிச் சென்று அவரைப் பணிந்தான். செல்வர்க்கு இதனினும் அழகிய முன்மாதிரி கிடைத்தல் அரிது.

சுந்தரர் அருளிய திருத்தொண்டத்தொகையில் மூர்க்கருக்கு முன் நிற்பவர், கண்ணொளி இன்றியே கயிற்றைத் தடவித் திருவாரூர்க் குளத்தைத் தோண்டிய தண்டியடிகள். பின் நிற்பவர், வேள்வி பல இயற்றிய சோமாசி மாறர். சிவாலயத் திருச்சுற்றில் அறுபத்துமூவரை அவ்வரிசையில் வலம் வருவோர், குளந்தோண்டியவர்க்கும் வேள்வி செய்தவர்க்கும் இடையே கைகுவித்து நிற்கும் வேற்காட்டுச் சூதரையும் வணங்கியே அப்பால் செல்கின்றனர்.