கடல் உயர்வும் நமது கடமையும்
(மரக்காணத்தில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நமது குலப்பெருமையைப் பற்றியதன்று; நாம் நிற்கும் நிலத்தைப் பற்றியது. சிறுபாணாற்றுப்படை புகழும் எயிற்பட்டினம் நமது மரக்காணமே என்பது அறிஞர் பலரின் துணிபு. அத்துணைப் பழமை வாய்ந்த இவ்வூரில் நம் முன்னோர், கடல் தன் எல்லையில் நிற்கும் என்று நம்பியே வரப்புக் கட்டினர். அந்த நம்பிக்கை இப்போது தளர்ந்து வருகின்றது.

பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், உயர்ந்திருக்கின்றது. புகை வெளியேற்றம் மிகக் கூடுமாயின், இந்நூற்றாண்டின் முடிவில் அவ்வுயர்வு மேலும் ஒரு மீட்டர் வரை ஆகலாம் என்றும் அவர்கள் கணித்துள்ளனர்.

“சாணளவுதானே!” என்று எவரேனும் நகைப்பாராயின், அவர் உப்பளத்தை அறியாதவரே. கழிநீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் சுண்டவைத்து, கடைசிப் பாத்தியில் விரற்கடை ஆழத்தில் உப்பு விளைவிப்பது நம் தொழில். அத்தகைய நிலத்தில் ஒரு சாண் நீர் மிகுந்தால் வரப்பேது, விளைவேது? அன்றியும், கழுவேலியில் சேரும் வெள்ளம் இடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலை அடைய வேண்டும். கடல் உயர்ந்து நிற்குமாயின் வெள்ளம் வடியத் தாமதமாகும். 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. நம் அளங்கள் ஏரியாகிக் கிடந்ததை மறந்தவர் இச்சபையில் இரார்.

அரசாங்கம் யாதொன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமன்று. 2019 ஜனவரியில் மத்திய அரசாங்கம் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டது. கடல்மட்ட உயர்வையும் கரையரிப்பையும் கருதி இந்திய நில அளவை இலாகா வரைந்த அபாயக்கோடு அதில் கூறப்பட்டுள்ளது. மாநில அரசாங்கம் 2021இல் கழுவேலியைப் பறவைகள் சரணாலயமாக்கிற்று. 2023இல் நெய்தல் மீட்சி இயக்கத்தை அறிவித்தது. மழைக்காலத்தில் வேலையற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகையும் ஏற்படுத்திற்று.

ஆயினும் ஒன்றை உணர வேண்டும். அவ்வபாயக்கோடு தடைக்கோடன்று, ஆபத்துக் காலத்திற்கு முன்கூட்டியே திட்டமிடுவதற்கான கருவி மாத்திரமே. கோடு தானாகக் கரை கட்டாது. அதன் உட்புறத்தில் எவர் வீடு, எவர் அளம், எந்தப் படகுத்துறை, எந்த வடிகால் உள்ளது என்பதைச் சொல்ல வேண்டியவர் நாமே. கரையோர மேலாண்மைத் திட்டத்தின் வரைவை ஜனங்கள் முன்வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. மீனவர்களின் நெடுங்கால வீட்டுத் தேவையும் அத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதும் விதி. கேட்கும் நாளில் நாம் வாய்மூடியிருந்துவிட்டு, பின்னர் அரசாங்கத்தை நிந்திப்பதால் பயனென்ன?

“கருங்கல் கொட்டினால் போதும்” என்பாரும் நம்மில் உளர். அவர்கள் தெற்கே சென்று பார்க்கட்டும். நமது கடலோரத்தில் மணல், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. 1980களில் புதுச்சேரித் துறைமுகத்திற்குக் கல்லணை கட்டியபோது அம்மணல் தெற்கே தடைப்பட்டது. வடக்கே கரை அரிப்புண்டது. நமது ஜில்லாவைச் சேர்ந்த கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் முதலிய ஊர்கள் அதன் துன்பத்தை அனுபவித்தன. ஓரூரைக் காக்கும் கல் அடுத்த ஊரை விழுங்கலாகாது. ஆதலால் கழிமுகம் தூராமலும், கழுவேலியின் நீர்ப்பரப்புக் குறுகாமலும் காப்பதே நாம் முதலில் கேட்கத்தக்கது.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகின்றேன். முதலாவது, நம் இளைஞர்கள் வீடு, அளம், துறை, வடிகால் இவற்றின் ஜாபிதா ஒன்றைத் தயாரித்துச் சங்கத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது, கூலிக்கு உப்பு வாரும் பெண்கள் உட்பட ஒவ்வொருவர் பெயரும் தொழிலாளர் பதிவேட்டில் ஏற வேண்டும். பெயரில்லாதவருக்கு நிவாரணம் கிட்டுவது அரிது. மூன்றாவது, வரைபடம் விசாரணைக்கு வரும் நாளில், மற்றச் சமூகத்தாரோடும் ஒன்றுகூடி ஒரே விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

இம்மூன்றாவதைச் சாதிச் சங்கத்தின் மேடையிலேயே சொல்வது சிலருக்கு ஒவ்வாதிருக்கலாம். ஆனால் வெள்ளம் நம் தெருவில் நின்று, அடுத்த தெருவுக்குப் போகாமலிருந்ததுண்டா? வரப்பு ஓரிடத்தில் உடைந்தால் அளம் முழுவதற்கும் நஷ்டம். இதை உப்பளத்தில் பிறந்த நமக்குப் பிறர் போதிக்க வேண்டுவதில்லை.