மைசூர் அரண்மனையும் நம்ம குழுக் கடனும்

மைசூர் அரண்மனையைப் பார்த்து வந்தேன். தங்க முலாம் தூண்கள், வண்ணக் கண்ணாடிக் கூரை, வெள்ளிக் கதவு! "இதெல்லாம் யாரு காசு?" என்றுதான் தோன்றியது. ஜனங்களோட வரிப்பணம்தானே!

1897-இல் பழைய அரண்மனை எரிந்தபின் இதைக் கட்டச் சொன்னது ஒரு பெண். கணவரை இழந்து, சிறுவயது மகனுக்காக ஆட்சியைக் கவனித்த மகாராணி கெம்பநஞ்சம்மணி. 1912-இல் வேலை முடிந்தபோது செலவு 41 லட்சம் ரூபாய்க்கு மேல்.

அவர் ஆட்சியில்தான் 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து, கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அரண்மனை பார்க்க அழகு. தொழிலை ஓட்டியது மின்சாரம்.

நம்ம குழுக் கடனும் அப்படித்தான். சீருக்கும் பந்தலுக்கும் போனா ஒருநாள் அழகு. கறவை மாட்டுக்கும் தையல் மிஷினுக்கும் போனா மாசாமாசம் வருமானம். அடுத்த கடன் எழுதும்போது யோசிங்க.